இன்ஜின் கொதிக்குது, ஆனா நீல லைட் எரியுது: சென்சார் போச்சா, வயர் போச்சா?

நாமக்கல் பக்கம் இருந்து ஒரு டீச்சர் நீளமா ஒரு லெட்டர் எழுதியிருக்காங்க. பேரு, ஊரு, வண்டி கம்பெனி எல்லாம் எடுத்துட்டு விஷயத்தை மட்டும் சொல்றேன். 2014 மாடல் சின்ன பெட்ரோல் கார், 80 ஆயிரம் கிலோமீட்டர் தாண்டியிருக்கு. போன வருஷக் கடைசில முன்னாடி போன வேன்ல லேசா மோதி பம்பரும் ரேடியேட்டரும் மாத்தியிருக்காங்க. அதுக்கப்புறம் ஒரு மாசம் வண்டி நல்லாத்தான் ஓடுச்சு. அப்புறம் ஒண்ணொண்ணா ஆரம்பிச்சிருக்கு. காலைல ஒரே செல்ஃப்ல ஸ்டார்ட் ஆகுது, ஆனா ஓட்டிட்டுப் போய் கடைல பத்து நிமிஷம் நிறுத்திட்டு வந்து சாவியைத் திருப்பினா செல்ஃப் அடிச்சிக்கிட்டே இருக்கணும், பின்னாடி பெட்ரோல் வாசனை வேற. 16 குடுத்த மைலேஜ் 11க்கு வந்துடுச்சு. ரேடியேட்டர் ஃபேன் சில நாள் ஓயாம ஓடுது, சில நாள் சத்தமே காணோம். ஸ்பீட் பிரேக்கர் ஏறி இறங்கினா திடீர்னு ஏசி கட் ஆகி செக் இன்ஜின் லைட் வருது, ரெண்டு மூணு நாள்ல அது தானா அணைஞ்சிடுது.

மெக்கானிக் ஸ்கேனர் போட்டுப் பாத்துட்டு பி 0118, டெம்பரேச்சர் சென்சார் போச்சுன்னு 1,400 ரூபாய்க்கு புதுசு போட்டிருக்கார். ஒரு வாரம் நல்லா இருந்துச்சாம், திரும்ப அதே கதை. அப்புறம் 650 ரூபாய்ல இன்னொண்ணு. அதுவும் சரிவரல. இப்ப இன்ஜினோட கம்ப்யூட்டர், அதாவது இசிஎம், போயிடுச்சு, 28 ஆயிரம் ஆகும்னு சொல்றாராம். வேற ஒரு கடைல தெர்மோஸ்டாட் வால்வைக் கழட்டிடலாம், ஃபேனை கம்ப்யூட்டரை நம்பாம எப்பவும் ஓடற மாதிரி டைரக்ட் பண்ணிடலாம், 1,500ல முடிஞ்சிடும்னு சொல்லியிருக்காங்க.

டீச்சரோட கேள்விங்க இதுதான்: இசிஎம் மாத்தணுமா, ஃபேனை டைரக்ட் பண்ணலாமா, ஆடி பதினெட்டுக்கு மாமியாரைக் கூட்டிட்டு கொல்லிமலை அறப்பளீஸ்வரர் கோயில் போலாமா, குடுத்த காசு திரும்பக் கிடைக்குமா. நடுவுல ஒரு வரி போட்டிருக்காங்க, "வண்டி ஓடும்போதே நீல கலர் தெர்மாமீட்டர் லைட் அப்பப்ப வருதுண்ணா, ஆனா நீலம்னா இன்ஜின் கூலா இருக்குன்னுதானே அர்த்தம், அதனால அதைப் பத்தி கவலைப்படல."

டீச்சர், நீங்க கவலைப்படாம விட்ட அந்த ஒரு வரிலதான் முக்கால்வாசி பதில் இருக்கு. ஆனா மொதல்ல மலை விஷயத்தைச் சொல்லிடுறேன், ஏன்னா மத்ததெல்லாம் காசு, இது மட்டும் ஆபத்து. வண்டியை சரி பண்ணாம இப்ப மலை ஏறாதீங்க. மலையடிவாரத்துல இருக்கற காரவள்ளி தாண்டினதும் 70 கொண்டை ஊசி வளைவு, முழு லோடு, செகண்ட் கியர்லயும் ஃபர்ஸ்ட் கியர்லயும் ஊர்ந்து போகணும், காத்து ரேடியேட்டர்ல அடிக்காது, ஃபேன் ஓடியே ஆகணும். உங்க வண்டில ஃபேன் ஓடுமா ஓடாதான்னு வண்டிக்கே தெரியாத நிலைமை.

நீல லைட் என்ன சொல்லுது

நீல லைட் எரிஞ்சா இன்ஜின் கூலா இருக்குன்னு நெனைக்கிறீங்க, நெறைய பேர் அப்படித்தான் நெனைக்கிறாங்க. அது சொல்றது "இன்ஜின் கூலா இருக்கறதா கம்ப்யூட்டர் நம்புது"ங்கறது மட்டும்தான். காலைல எடுத்த உடனே எரிஞ்சு கொஞ்ச நேரத்துல அணைஞ்சா சரி. அரை மணி நேரம் ஓட்டினதுக்கு அப்புறம், நம்ம ஊர் வெயில்ல, இன்ஜின் 90 டிகிரில இருக்கும்போது நீலம் வருதுன்னா கம்ப்யூட்டருக்கு யாரோ பொய் சொல்றாங்க.

அந்த நேரத்துல மூணு விஷயம் நடக்கும். இன்ஜின் குளிர்ச்சியா இருக்குன்னு நம்பி இசிஎம் பெட்ரோலை அதிகமா அடிக்கும், மைலேஜ் போறதும் வாசனை வர்றதும் அதனாலதான். ரெண்டாவது, ஃபேனை ஆன் பண்ணாது, குளிர்ச்சியா இருக்கறதுக்கு ஃபேன் எதுக்குன்னு விட்டுடும். மூணாவது, நிஜமாவே கொதிச்சாலும் செவப்பு லைட் வராது, ஏன்னா உங்களுது மாதிரி டெம்பரேச்சர் காட்டற முள் இல்லாத வண்டில செவப்பு லைட்டும் அதே கணக்கை வச்சுத்தான் வருது. இன்ஜினுக்கும் அதோட தலைப்பகுதிக்கும் நடுவுல இருக்கற சீல், அதான் ஹெட் கேஸ்கட், போற வரைக்கும் டேஷ்போர்டு அமைதியா இருக்கும். அதனாலதான் மலை வேண்டாம்னு சொன்னேன். பெட்ரோல் அதிகமா போயிட்டே இருந்தா ஸ்பார்க் பிளக் கரி பிடிக்கும், சிலிண்டர் சுவத்துல இருக்கற ஆயிலைக் கழுவி விடும், கேட்டலிட்டிக் கன்வெர்டர் சூடேறி கெட்டுப்போகும், அந்தக் கன்வெர்டர் விலையைக் கேட்டா இசிஎம் விலையே பரவால்லன்னு தோணும்.

பி 0118ன்னா என்ன

கோட் வந்தா அந்தப் பார்ட் போச்சுன்னு அர்த்தம்னு மெக்கானிக்கும் நெனைச்சிட்டார், நீங்களும் நெனைச்சிட்டீங்க. பி 0118 சொல்றது கூலன்ட் (இன்ஜினைக் குளிர வைக்கற திரவம்) டெம்பரேச்சர் சர்க்யூட்ல வோல்டேஜ் இருக்க வேண்டியதை விட அதிகமா இருக்குங்கறது. சர்க்யூட்னா சென்சார், அதுல வயரை மாட்டற பிளக்கான கப்ளர், ரெண்டு வயர், இசிஎம் உள்ள இருக்கற சமாச்சாரம் எல்லாம் சேர்த்து. இதுல யாரு குத்தவாளின்னு ஸ்கேனர் சொல்லவே சொல்லாது, அதை நாமதான் கண்டுபிடிக்கணும்.

உள்ள நடக்கறது ரொம்ப சிம்பிள். இசிஎம் ஒரு 5 வோல்ட்டை ஒரு ரெசிஸ்டர் வழியா சென்சாருக்கு அனுப்பும், சென்சார்ல இருந்து இன்னொரு வயர் எர்த்தா திரும்ப இசிஎம்முக்கே போகும். சென்சார் ஒரு தெர்மிஸ்டர், சூடு ஏற ஏற அதோட ஓம், அதாவது மின்தடை, கொறையும். நெறைய வண்டில வர்ற டைப்ல 20 டிகிரில சுமார் 2,500 ஓம், 80 டிகிரில 300 சொச்சம், 100 டிகிரில 200க்கும் கீழ. உங்க வண்டிக்குன்னு சரியான டேபிள் சர்வீஸ் மேனுவல்ல இருக்கும், ஆனா ஏறத்தாழ இந்த மாதிரிதான் வரும். ஓம் கொறைஞ்சா வோல்டேஜ் கொறையும், அதை வச்சு இசிஎம் டிகிரி கணக்குப் போடும். வயர் முழுசா அறுந்துட்டா வோல்டேஜ் 5லயே நிக்கும், இசிஎம் அதை மைனஸ் 40 டிகிரின்னு படிக்கும். நாமக்கல்ல மைனஸ் 40 வராதுன்னு அதுக்கே தெரியும், அதான் கோட் போட்டு, பாதுகாப்புக்கு ஃபேனை ஓயாம ஓட விட்டு, ஏசியைக் கட் பண்ணுது. ஸ்பீட் பிரேக்கர்ல ஏசி போறது இதுதான்.

அப்ப ஏன் சில நாள் ஃபேன் ஓடவே மாட்டேங்குது, கோடும் வரலன்னு கேப்பீங்க. இங்கதான் விஷயம் இருக்கு. வயர் முழுசா அறுகல, கப்ளர் பின்ல பச்சை பிடிச்சிருக்கு இல்ல உள்ள நாலஞ்சு இழை மட்டும் ஒட்டிட்டு இருக்குன்னு வைங்க. அந்த எடத்துல சும்மா ஒரு 2,000 ஓம் கூடுதலா சேர்ந்துடும். இன்ஜின் 90 டிகிரில இருக்கும்போது சென்சார் சுமார் 250 ஓம், அதோட 2,000 சேர்ந்தா 2,250. இசிஎம் அதை இருபது, இருபத்தஞ்சு டிகிரின்னு படிக்கும். இது சாத்தியமான நம்பர்ங்கறதால கோட் போடாது, அப்படியே நம்பிடும். காலைல இன்ஜின் ஆறியிருக்கும்போது சென்சாரே 2,000க்கு மேல இருக்கும், அதோட இன்னொரு 2,000 சேர்ந்தா ஏழெட்டு டிகிரின்னு படிக்கும், இருபது டிகிரிதான் வித்தியாசம், கொஞ்சம் பெட்ரோல் அதிகமா போகும், ஸ்டார்ட் ஆகறதுக்கு அது ஒரு கெடுதலும் இல்ல. அதே 2,000 ஓம் சூட்டுல எழுபது டிகிரி பொய் சொல்லுது. காலைல நல்லா ஸ்டார்ட் ஆகி கடை வாசல்ல மக்கர் பண்றது ஏன்னு இப்ப புரியும்.

புது சென்சார் போட்டதும் ஒரு வாரம் சரியா இருந்துச்சுன்னு எழுதியிருந்தீங்க இல்ல, அது சென்சாரால இல்லன்னுதான் நெனைக்கிறேன். மாத்தும்போது கப்ளரைக் கழட்டி மாட்டினதுல பின் உரசி கொஞ்சம் சுத்தமாகி காண்டாக்ட் கெடைச்சிருக்கும். எங்க கடைக்கு இந்த மாதிரி வர்ற வண்டில "புதுசு போட்டதும் ஒரு வாரம் நல்லா இருந்துச்சு"ங்கற வார்த்தை கேட்டாலே நான் சென்சாரை விட்டுட்டு கப்ளரைத்தான் மொதல்ல பாப்பேன். கூடவே உங்க வண்டில ரேடியேட்டர் மாத்தின வரலாறு வேற இருக்கு. ரேடியேட்டரை வெளிய எடுக்க வயரிங் கிளிப்பை எல்லாம் கழட்டுவாங்க, திரும்ப மாட்டும்போது ஒண்ணு ரெண்டு கிளிப்பை விட்டுடுவாங்க, வயர் தொங்கி இன்ஜின் ஆடும்போதெல்லாம் கூடவே ஆடி, கப்ளர் கழுத்துல மடங்கி மடங்கி மேல் உறை அப்படியே இருக்க உள்ள செம்பு மட்டும் அறுந்து போகும். வெளிய இருந்து பாத்தா வயர் புதுசு மாதிரி இருக்கும்.

நீங்களே பாக்கலாம்

வண்டி கம்ப்யூட்டரைப் படிக்கற புளூடூத் ஓபிடி டூல் ஆயிரம் ரூபாய்க்குள்ள கிடைக்கும், ஸ்டியரிங் கீழ இருக்கற 16 பின் சாக்கெட்ல சொருகி போன்ல ஆப் போட்டா லைவ் டேட்டா, அதாவது கம்ப்யூட்டர் அந்த நேரத்துல படிக்கற நம்பர், வரும். இதோட ஒரு சாதாரண மல்டிமீட்டர் இருந்தா போதும். மெக்கானிக் உங்ககிட்ட பேசாம உங்க வீட்டுக்காரர்கிட்டயே பேசுறார்னு எழுதியிருந்தீங்க, நம்பரைக் கையில வச்சுட்டு போய் நில்லுங்க, உங்ககிட்டதான் பேசுவார்.

முதல் டெஸ்ட் காலைல, ராத்திரி பூரா நின்ன வண்டில, ஸ்டார்ட் பண்ணாம சாவி மட்டும் ஆன். கூலன்ட் டெம்பரேச்சரும் உள்ள வர்ற காத்தோட டெம்பரேச்சரும் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கணும், ரெண்டு மூணு டிகிரி முன்னபின்ன இருக்கலாம். காத்து 27, கூலன்ட் 8ன்னு வந்தா நான் சொன்னது உறுதி. ஒருவேளை அந்த நேரம் காண்டாக்ட் நல்லா இருந்து ரெண்டும் ஒண்ணாவே வரலாம், அதனால இதோட நிறுத்தாதீங்க.

அடுத்தது ஸ்டார்ட் பண்ணி ஐடில்ல விட்டு நம்பரைப் பாருங்க. வழவழன்னு ஏறி 85, 95 பக்கம் நிக்கணும், ஃபேன் வந்து வந்து போகணும். 70ல இருந்து சட்டுனு 15க்கு குதிச்சு திரும்ப 72க்கு வந்தா அது வயர்தான், தண்ணி அப்படி ஆறாது. இதுல ஒண்ணே ஒண்ணு மட்டும் கவனம், கூலன்ட் கொறைஞ்சு உள்ள காத்து நின்னாலும் நம்பர் ஏறி இறங்கும், அதனால மொதல்லயே இன்ஜின் ஆறியிருக்கும்போது லெவல் பாத்துடுங்க. சூட்டோட ரேடியேட்டர் மூடியை மட்டும் தொடவே தொடாதீங்க, உள்ள பிரஷர்ல இருக்கற தண்ணி மூஞ்சில அடிக்கும்.

மூணாவதை ஒரு நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியன் பக்கத்துல இருந்து பண்ணா நல்லது. இன்ஜின் ஓடிட்டு இருக்கும்போது ஒருத்தர் போன்ல நம்பரைப் பாக்கணும், இன்னொருத்தர் சென்சார் கப்ளர் கழுத்துல இருந்து வயரை மெதுவா ஆட்டிக்கிட்டே வரணும், ஃபேன் பெல்ட் பக்கம் கையோ துப்பட்டாவோ போகாம. எந்த எடத்துல தொட்டா நம்பர் குதிக்குதோ அதான் எடம். உங்க வண்டிக்கு இந்த ஒரு டெஸ்ட்லயே ஆள் மாட்டிடுவான்னு நெனைக்கிறேன்.

மாட்டலன்னா, சாவி ஆஃப் பண்ணி கப்ளரைக் கழட்டி, உள்ள பச்சையா பவுடர் இருக்கா, பின் அகண்டு போயிருக்கா பாருங்க. திரும்ப சாவி ஆன் பண்ணா லைவ் டேட்டா மைனஸ் 40 காட்டணும். ரெண்டு பின் மட்டும் இருக்கற கப்ளரா இருந்து, ஒண்ணுல 5 வோல்ட் வருது இன்னொண்ணு எர்த்னு மீட்டர்ல உறுதி பண்ணிட்டு, அந்த ரெண்டையும் மெல்லிசான ஒரு கம்பியால சேர்த்தா நம்பர் 120க்கு மேல போகணும். மூணு நாலு பின் இருந்தா இதைச் செய்யாதீங்க. சில வண்டில மைனஸ் 40க்கு பதிலா 80 மாதிரி ஒரு நம்பர் காட்டும், அது ஃபால்ட் வந்ததும் இசிஎம் தானா போட்டுக்கற மாத்து நம்பர், அதைப் பாத்து ஏமாறக்கூடாது, மீட்டர்ல 5 வோல்ட் வருதான்னு பாத்துக்கணும்.

இந்த டெஸ்ட்லதான் உங்க 28 ஆயிரத்துக்கும் பதில் இருக்கு. கழட்டினா மைனஸ் 40, சேர்த்தா 120க்கு மேல, வயரை எப்படி ஆட்டினாலும் இது மாறலன்னா இசிஎம்மும் வயரும் நல்லா இருக்கு, சென்சாரோ அதோட பின்னோதான் தப்பு. சேர்த்தும் ஏறலன்னா வயர். வயரை இசிஎம் கப்ளர் வரைக்கும் ஓம் பாத்து அதுவும் சரின்னு வந்த அப்புறம்தான் இசிஎம் பேச்சே எடுக்கணும்.

இசிஎம், டைரக்ட் ஃபேன், வால்வு

இசிஎம் போகவே போகாதுன்னு சொல்ல மாட்டேன். ஆனா போன இசிஎம் ஸ்பீட் பிரேக்கர் பாத்து மக்கர் பண்றது அபூர்வம். அதுவும் பழைய இசிஎம் எங்கயாவது வாங்கிப் போட்டா சாவில இருக்கற திருட்டுத் தடுப்பு சிஸ்டம், இம்மொபிலைசர், ஒத்துக்காது, அதுக்கு தனியா கோடிங், தனியா செலவு.

ஃபேனை டைரக்ட் பண்றது நம்ம ஊர்ல ரொம்ப சகஜம், ஏன்னா வண்டி சூடேறலன்னா கஸ்டமர் சந்தோஷமா போயிடுவார். ஆனா உங்க மைலேஜும், சூட்டுல ஸ்டார்ட் ஆகாத மக்கரும் அப்படியேதான் இருக்கும், பெட்ரோல் கணக்குப் போடுற இசிஎம் இன்னும் அதே பொய்யைத்தான் கேட்டுட்டு இருக்கும். ஃபேன் மோட்டார் நல்லா கரண்ட் இழுக்கற சாமான், ஃபியூஸும் ரிலேவும் இல்லாம மெல்லிசு வயர்ல டைரக்ட் பண்ணி வயர் உருகி வந்த வண்டிகளை நான் பாத்திருக்கேன். தெர்மோஸ்டாட் வால்வைக் கழட்டறது இன்னும் மோசம். அது இன்ஜினை சீக்கிரம் சூடாக்கி சரியான சூட்டுல வைக்கற சாமான், அதைத் தூக்கிட்டா நிஜமாவே இன்ஜின் குளிர்ச்சியா ஓடும், இப்ப பொய்யா இருக்கற நீல லைட் அப்ப நிஜமாயிடும், மைலேஜ் இன்னும் எறங்கும். ரெண்டையும் வேண்டாம்னு சொல்லிடுங்க.

செய்ய வேண்டியது சின்ன வேலை. வயரோட வர்ற புது கப்ளர் சில நூறு ரூபாய்க்கு கிடைக்கும். பழைய வயரை செம்பு பளபளன்னு தெரியற எடம் வரைக்கும் வெட்டிட்டு, ரெண்டு வயர் ஜாயின்டும் ஒரே எடத்துல வராம மேல கீழ தள்ளி வச்சு, சால்டர் பண்ணி ஹீட் ஸ்லீவ் போடச் சொல்லுங்க. முறுக்கி கறுப்பு டேப் சுத்தினா அடுத்த மழைல திரும்ப இங்கயே வந்து நிப்பீங்க. ஜாயின்ட் ஆடாத அளவுக்கு விட்டுப்போன கிளிப்பையும் போடச் சொல்லுங்க, அதை மறந்தா புது கப்ளரும் அதே எடத்துல அறும். 650 ரூபாய் சென்சாரை நான் நம்ப மாட்டேன். முதல்ல கழட்டின ஒரிஜினல் சென்சார் இருந்தா அதை மீட்டர்ல வச்சு, ஒரு தடவை சாதாரண தண்ணில, ஒரு தடவை கொதிக்கற தண்ணில முனையை மட்டும் வச்சு ஓம் பாக்கச் சொல்லுங்க. கொதி தண்ணில 200 ஓம் கிட்ட வந்தா அது நல்ல சென்சார், அதையே திரும்ப மாட்டலாம். இதுவரைக்கும் கூலன்ட்டுக்கு பதிலா போர் தண்ணி ஊத்திட்டு இருந்தா இந்தச் சாக்கிலயே வடிச்சுட்டு கூலன்ட் ஊத்திடுங்க, உப்பு படிஞ்சாலும் சென்சார் லேட்டாத்தான் பதில் சொல்லும்.

எல்லாம் முடிஞ்சதும் கோடை அழிச்சுட்டு நாலஞ்சு நாள் உள்ளூர்லயே ஓட்டுங்க. ஸ்பீட் பிரேக்கர், ட்ராஃபிக், கடைல நிறுத்தி எடுக்கறது எல்லாம் பண்ணி, நீல லைட் வரல, ஃபேன் வந்து வந்து போகுதுன்னா தாராளமா மலை ஏறலாம். போன்ல லைவ் டேட்டாவைத் திறந்து வச்சுக்கிட்டே போங்க, 105 தாண்டினா ஏசி ஆஃப் பண்ணி ஹீட்டரை ஃபுல்லா போட்டு ஓரமா நிறுத்துங்க.

காசு திரும்பக் கிடைக்குமா

நான் வக்கீல் இல்ல, கடை நடத்தறவனா எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி காசு வாங்கிட்டு பண்ற சர்வீஸ்ல குறை இருந்தா மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல புகார் குடுக்கலாம், 5 லட்சம் வரைக்கும் உள்ள விஷயத்துக்கு ஃபீஸ் கிடையாது, ரெண்டு வருஷத்துக்குள்ள குடுக்கணும். அதுக்கு முன்னாடி தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் பண்ணியும் சொல்லலாம். பில் இல்லன்னு எழுதியிருந்தீங்க, ஆனா ஜிபேல அனுப்பினதா சொல்றீங்க, அந்த ஸ்க்ரீன்ஷாட்டும் வாட்ஸ்அப்ல அவர் அனுப்பின ரேட்டும் ஆதாரம்தான், எடுத்து வச்சுக்கங்க.

ஆனா நான் உங்க எடத்துல இருந்தா ஆணையத்துக்குப் போக மாட்டேன். தப்பா கண்டுபிடிச்சதுங்கறது மட்டுமே ஒருத்தரை மாட்ட வைக்க போதாது, டெஸ்ட் பண்ணாமயே மாத்தினார்னோ டூப்ளிகேட்டை ஒரிஜினல்னு வித்தார்னோ நீங்க காட்டணும், ரெண்டாயிரம் ரூபாய்க்கு அவ்வளவு அலைச்சல். டெஸ்ட் நம்பரைப் போன்ல எடுத்துட்டுப் போய் நேர்ல உக்காந்து கேளுங்க, கழட்டின ரெண்டு சென்சாரையும் திரும்பக் கேளுங்க, அது உங்க சாமான். லேபர்லயாவது கொறைச்சுக்குவார். அவரை விட ரேடியேட்டர் மாத்தின கடைல நீங்க கேக்கறதுக்கு நியாயம் ஜாஸ்தி, கிளிப் போடாம விட்டிருக்காங்கன்னா அது அவங்க வேலைல விட்ட குறை. அந்த இன்சூரன்ஸ் பில்லை எடுத்துப் பாருங்க, ரிப்பேருக்கு எத்தனை மாசம் வாரண்டின்னு கீழ பொடி எழுத்துல இருக்கும். இருந்தா கப்ளர் மாத்தறதுக்கு முன்னாடி வயர் தொங்கற எடத்தை நாலு போட்டோ எடுத்துட்டு நேரா அங்கயே போங்க.